அம்மம்மா காத்த காணித் துண்டு

உழைத்து ஓய்ந்த எங்கள் தாய்மார் பலரின் வாழ்க்கை எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. எனது அம்மம்மாவும் அவர்களுள் ஒருவர். கையெழுத்து மட்டும் வைக்கத் தெரிந்தவர். ஆனால் ஒரு காணித் துண்டின் பெறுமதியை அவரைப்போல் அறிந்தவர்களை நான் காணவில்லை.

இரணைமடுக் குளத்து நீரை நம்பி, 1950களில் யாழ்ப்பாணத்திலிருந்து உருத்திரபுரத்துக்கு வந்து குடியேறியவர்களில் அம்மப்பாவும் ஒருவர். அவரைக் கைப்பிடித்து வடமராட்சியிலிருந்து வந்தபோது அம்மம்மாவுக்கு வயது 18. எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என வாய்க்காலின் இலக்கத்தையே இடத்தின் பெயராகச் சொல்லும் ஊர் இது. விடியப்புறம் எழும்பி மாட்டுப்பட்டி கூட்டிப் பால் கறப்பார். காலபோகத்தில் களை பிடுங்குவார், அரிவு வெட்டுவார். நெல்லை அவித்துக் காயவைத்து உரலில் குத்துவார். சிறுபோகத்துக்குக் குளத்து நீர் போதாத வருடங்களில் கிணற்றில் இறைத்து மிளகாயும் கத்தரியும் வைப்பார்.

இத்தனை உழைத்தும் காணி அனுமதிப்பத்திரம் அம்மப்பாவின் பெயரில்தான் இருந்தது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பின்னுரித்தாளர் என ஒருவரின் பெயரைப் பதியாவிட்டால், பெண்பிள்ளைகளுக்கு முன்னர் ஆண்பிள்ளைகளுக்கே காணி போகும். 1974 இல் அம்மப்பா நோயில் படுத்தபோது அம்மம்மா விடவில்லை.

“இஞ்சேருங்கோ, ஆம்பிளைப் பிள்ளையள் எங்கையும் போய்ப் பிழைப்பாங்கள். பொம்பிளைப் பிள்ளைக்குக் கால் ஊன்ற ஒரு நிலம் வேணும்” என்றாராம். அம்மப்பாவை மாட்டுவண்டியில் கந்தோருக்குக் கூட்டிப்போய், எனது அம்மாவின் பெயரைப் பதியச் செய்தார். அதே வருடம் அம்மப்பா காலமானார். நான்கு பிள்ளைகளையும் அம்மம்மா அந்த வயலை வைத்தே வளர்த்தெடுத்தார்.

1990 இன் பின் வன்னிக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது நான் சிறுமி. மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை. அம்மம்மா பனம்பழத்தைப் பிசைந்து எங்கள் உடுப்புகளைத் தோய்ப்பார். போத்தல் விளக்கின் திரியைக் குறைத்துவிட்டு, “படியுங்கோ, நான் இருட்டிலை இருப்பன்” என்பார்.

1996 இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்துக்குப் போனோம். மற்றவர்கள் பாயும் பானையும் எடுக்க, அம்மம்மா முதலில் எடுத்தது பொலித்தீனில் சுற்றிய பத்திரங்களை. “வீடு எரிஞ்சால் கட்டலாம். துண்டு துலைஞ்சால் எங்கை போய்க் கேக்கிறது?” என்றார். 2008 இல் மீண்டும் இடம்பெயர்ந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஓடினோம். 2009 இல் எறிகணை வீழ்ந்து அப்பா இறந்தார். அவரை அங்கேயே விதைத்துவிட்டு, அழக்கூட நேரமின்றி நடந்தோம். தண்ணீருக்குள்ளால் கடந்தபோது, 73 வயது அம்மம்மா அந்தப் பொதியைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். செட்டிகுளம் முகாமில் அதுவே அவருக்குத் தலையணை.

2010 இல் ஊருக்குத் திரும்பினோம். கூரையும் கதவும் இல்லை. வயல் பற்றைக்காடு. 2013 இல் இந்திய வீட்டுத்திட்டத்துக்குக் காணிப் பத்திரம் கேட்டார்கள். அம்மம்மா பொதியை அவிழ்த்தார். பின்னுரித்தாளராக அம்மாவின் பெயர் மங்காமல் இருந்தது. அந்த 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவில் எழுந்த வீட்டில்தான் இன்றும் வாழ்கிறோம். 2014 இல், அந்த வீட்டின் விறாந்தையில் அம்மம்மா கண்மூடினார்.

பின்னுரித்தில் இருந்த ஆண், பெண் வேறுபாடு 2022 இல் சட்டத்திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது. இருந்தும், பெயர் பதியாத காணியால் பிள்ளைகளிடையே இன்றும் பிணக்கு வருகிறது. சகோதரிகளே, உங்கள் காணிப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பின்னுரித்தாளரின் இடம் வெறுமையாக இருந்தால், பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்குச் சென்று கேளுங்கள். பிரதி எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். எங்கள் அம்மம்மா அந்தக் காலத்திலேயே செய்த காரியம் இது.