பாயிண்ட் நோட்டு

மே 25, 2025. ஞாயிறு

இரவு பத்தரை. போளூர் பஸ்ஸில் மலைமேல் அம்மா வீட்டுக்குக் கடைசி வரை நின்றபடியே வந்தேன், போட்டின் பழைய ஜிபிஎஸ் செட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இருமல் விடவில்லை. "என்னப் பாக்க வந்தியா, பொட்டியப் பாக்க வந்தியாடா?" ரெண்டுக்கும்தான். சொல்லவில்லை.

குளிருகிறது. இன்னும் குளிரட்டும்.

மே 26

நாலரைக்கே எழுந்துவிட்டேன். பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரி, 12.4 வோல்ட். திரை வந்தது. நின்றது! காசிமேட்டில் என் கடையின் தகரக் கொட்டகையில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காமல் வெளுத்துப்போகிற திரை, இங்கே வெயில் வாசலுக்கு வரும்வரை நின்றது. என் கைதான் நடுங்கியது.

கார்டு போடும் வாய் உப்பில் பச்சை பூத்துக் கிடக்கிறது. கையால் எழுதுவதைத் தவிர வழியில்லை. ஒரு பாயிண்டுக்கு ஒரு வரி. பேர், வடக்கு, கிழக்கு. எழுதி, படித்து, மறுபடி திரையைப் பார்த்து.

எல்லாம் போட்டை ஓட்டின பெரியவர் வைத்த பேர்கள். சங்கரா. சங்கரா மேல்பார். வலைபோச்சு. மேரி. மறுபடி ஒரு வலைபோச்சு.

மே 28. புதன்

செட்டில் தேதி 2005 அக்டோபர் 12. கிழமை மட்டும் சரி. 2019 ஏப்ரலில் சாட்டிலைட்டின் வாரக் கணக்கு 1024 முடிந்து பூஜ்யத்துக்குத் திரும்பியதிலிருந்து இப்படித்தான். தேதி பொய், இடம் மெய். வடக்கு 12° 36', கிழக்கு 78° 53'. ஆழத்துக்கு மூன்று கோடு.

'மேரி'க்கு வழி கேட்டு பட்டனை அழுத்தினேன். 103 கடல் மைல், திசை 71. மலையையும் பாலாற்றையும் சென்னையையும் தாண்டி ஒரே கோடாகப் போய் கடலுக்கடியில் இருக்கும் அந்தப் பாறைப் பாரின் மேல் நின்றது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் இன்னும் நாலு பாயிண்ட் எழுதியிருக்கலாம். பரவாயில்லை.

ராத்திரி முழுக்க அம்மா இருமல். சுக்கும் மிளகும் போட்டுக் கொடுத்தேன். தூக்கமில்லை. எல்லார் மேலும் எரிச்சல்.

மே 29

பெரியவரின் பையன் போன். "அண்ணா, ஓனர் புச்சு செட்டு வாங்கிட்டாரு. பழச தூக்கிப் போட்டுடச் சொல்றாரு." வாங்கட்டும். பெரிய திரை, கலர், எக்கோவும் பிளாட்டரும் ஒன்றிலேயே. நல்ல சரக்குதான். ஆனால் உள்ளே காலி. ஒரு பார் கிடையாது, கப்பல் முழுகின இடம் கிடையாது, வலை கிழிந்த இடம் கிடையாது.

பெரியவர் கயிற்றில் ஈயம் கட்டி இறக்கி ஆழம் பார்த்தவர். ஈயத்தின் அடியில் ஒட்டி வந்த சேற்றை மோந்து பார்த்து எங்கே நிற்கிறோம் என்று சொன்னவர். கரையில் கோபுரமும் லைட்ஹவுஸும் ஒன்றோடொன்று சேருகிற இடத்தை வைத்துப் பார் பிடித்தவர். அவர் எழுதி வைத்திருந்த நோட்டு 2004 சுனாமியில் போயிற்று. அதன்பிறகு ஒவ்வொரு பாராகத் தேடிப் போய் மறுபடி இந்தச் செட்டில் குறித்தார். வேறு பிரதி எங்கும் இல்லை. இதைத் தூக்கிப் போட வேண்டுமாம்.

சாப்பிடவே பிடிக்கவில்லை.

மே 30

போர்டில் இருக்கும் சின்ன பேட்டரியை அளந்தேன். 2.2 வோல்ட். வயிற்றைப் பிசைந்தது. மூன்று இருக்க வேண்டியது. செட்டை அணைத்து வைத்திருக்கும் நேரமெல்லாம் பாயிண்டுகள் அந்த ஒரு பொட்டு பேட்டரியில்தான் உயிரோடு இருக்கின்றன.

இரண்டு பென்சில் செல்லைச் சேர்த்து மூன்று வோல்ட் ஆக்கி, பக்கவாட்டில் ஒயர் கொடுத்து, அப்புறம்தான் பழையதைக் கழற்ற வேண்டும். அயர்ன் சூடேறியதும் கரண்ட் போயிற்று. வந்தது. போயிற்று. மலைக் கரண்டைத் திட்டாத நாளில்லை. கடைசியில் அயர்ன் சூடானதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அது ஆறுவதற்குள் ஈயத்தை உருக்கி, பழையதை எடுத்துப் புதியதை வைத்துவிட்டேன். மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை.

ஆன் செய்தேன். சங்கரா. சங்கரா மேல்பார். வலைபோச்சு. மேரி. எல்லாம் இருக்கிறது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என்னடா இது, வெறும் நம்பரு." அதுதாம்மா.

மே 31

திரையில் நெட்டுக்க ஒரு பட்டை செத்துவிட்டது. சரியாக ஒரு இலக்கத்தின் இடது பாதி மேல். மூன்றா எட்டா தெரியவில்லை. ஐந்தா ஆறா தெரியவில்லை. வேறு பக்கத்தில் திறந்தால் செட் உறைந்துவிடுகிறது.

கடைசி இலக்கமாக இருந்திருந்தால் கவலையே இல்லை. நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஐந்து தப்பினாலும் பத்து மீட்டர்கூட வராது. ஆனால் பட்டை நிற்பது புள்ளிக்கு அடுத்த இலக்கத்தில். ஒரு நிமிடம் 1852 மீட்டர். அந்த இடத்தில் மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவே 926 மீட்டர். சேற்றில் வலை போடுகிறோம் என்று நினைத்துப் பாரில் போட்டு, மடியோடு அறுத்துக்கொண்டு வருவான் பையன். முதல் பயணத்திலேயே.

சந்தேகமானவற்றுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் வட்டம். வட்டங்களைப் பார்த்தால் தலை வலிக்கிறது.

ஜூன் 1. ஞாயிறு

மழைத் தூறல். சாயங்காலம் மனம் பொறுக்காமல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கோமுட்டேரி படகுத்துறைக்குப் போனேன். டிரான்ஸ்டியூசரைத் தண்ணீரில் விடுவதற்குமுன் உள்ளங்கையில் வைத்தேன். டிக், டிக், டிக். தோலில் குத்துகிற மாதிரி. இறக்கினேன். மூன்று கோடு போய் எண் வந்தது: ஐந்தடி. சேற்றுத்தரை, மெல்லிய கோடு. பார் என்றால் தடித்து, கீழே வால் விட்டுக் காட்டும்.

பிள்ளைகள் சூழ்ந்துவிட்டார்கள். "மீன் தெரியுமா மாமா?" தெரியும். சத்தம் கீழே போய் மீன் வயிற்றுக் காற்றுப்பையில் பட்டுத் திரும்பும். காற்றுப்பை இல்லாத சுறாவை அவ்வளவாகக் காட்டாது. கடலில் 75 மீட்டர் ஆழம் போய்த் திரும்ப ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான் என்றேன். ஒருவன் நம்பவில்லை. நம்பாதது நல்லது.

ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் 1948இல் கொண்டுவந்த முதல் மீன்காட்டிகூட, மீன் கூட்டம் இருக்கிற இடத்தில் குமிழி எழும் என்று ஒரு பழைய மீனவர் சொன்னதிலிருந்து பிறந்ததுதான். அதை ஓனரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்க மாட்டார். இருந்தாலும் சொல்ல வேண்டும்.

ஜூன் 3

காலையில் எழுதினேன். விரல் விறைத்துவிட்டது. பலாப்பழம் அறுத்தோம், பிசுபிசுப்புக் கையோடு நோட்டைத் தொட விடவில்லை அம்மாவை. கோபித்துக்கொண்டாள்.

பையன் போன். பயந்திருக்கிறான். கேரளாக் கடலில் எல்சா கப்பல் முழுகிக் கன்டெய்னர்கள் மிதக்கிற வீடியோ பார்த்திருக்கிறான். "நம்ம பக்கம் வந்தா எக்கோல தெரியுமா அண்ணா?" தெரியாது. எக்கோ கீழே பார்க்கும், முன்னால் பார்க்காது. கண்தான். ராத்திரியில் அணியத்தில் ஒரு ஆள்.

போட் மேல் டிரான்ஸ்பாண்டர் மாட்டியாயிற்றாம். லட்சம் போட்டுக்கு மாட்டும் திட்டம், போன வருஷம் ஆகஸ்டில் தொடங்கியது. செல் சிக்னல் இல்லாத தூரத்திலிருந்தும் செய்தி அனுப்பலாம், வாங்கலாம். 2017இல் ஒக்கி வந்தபோது இது இருந்திருந்தால். கன்னியாகுமரிக்காரர்கள் எத்தனை பேர் நடுக்கடலில், புயல் வருகிறது என்று சொல்ல ஒரு வழியில்லாமல். இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. அணைத்துவிடாதே, பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று எவன் சொன்னாலும் அணைக்காதே என்றேன். இரண்டு தரம் சொன்னேன்.

ஜூன் 4

ஒன்றும் எழுதவில்லை. காலையிலேயே புழுக்கம். திரை வெளுத்துவிட்டது. அம்மாவுக்கு இருமல் குறைவு. எனக்குத்தான் ஒன்றும் பிடிக்கவில்லை. யாருக்காக இதெல்லாம்.

ஜூன் 5. வியாழன்

முடிந்தது. கடைசி பாயிண்ட் வரை எழுதியாயிற்று. சிவப்பு வட்டங்கள் மட்டும் பாக்கி.

மத்தியானம் திடீரென்று தோன்றியது. பையனுக்குப் போன் செய்து, நைனா காதில் வை என்றேன். வாதம் வந்தபிறகு பெரியவருக்குப் பேச்சுச் சரியாக வராது. கேட்கும். புரியும். "பேரும் நம்பரும் படிக்கிறேன், சரின்னா 'ம்' சொல்லுங்க."

சங்கரா, புள்ளி எட்டு. "ம்."
சங்கரா மேல்பார், புள்ளி ஐந்து. "ம்."
மேரி, புள்ளி எட்டு. சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். மறுபடி படித்தேன். மேரி, புள்ளி எட்டு. ஒரு உறுமல். கோபம். "நைனா மூணு வெரலக் காட்டறாரு அண்ணா."

மூன்று. எட்டில்லை.

சிவப்பு வட்டம் அத்தனையும் படித்தேன். ஒன்றில்கூடத் தயங்கவில்லை மனுஷன். கடைசியில் ஏதோ சொன்னார். பையனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. சரிங்க, சரிங்க என்றேன். வெளியே வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

ஜூன் 7

நோட்டைப் பார்த்து இன்னொரு நோட்டில் எழுதினேன். ஒன்று பையன் வீட்டில், ஒன்று என் கடையில். கார்டிலும் ஏற்ற வேண்டும். முதலில் புதுச் செட்டில் டேட்டம் டபிள்யூஜிஎஸ் 84தானா பார்க்க வேண்டும். நிமிடமும் தசமமுமாக இருக்கிறதா, விநாடியில் இருக்கிறதா, அதையும். அதில் கவனம் தப்பினால் இத்தனை காலையும் வீண்.

அம்மா சாமை கொஞ்சம், தேன் ஒரு பாட்டில், பெரியவருக்கென்று கட்டி வைத்திருக்கிறாள். நான் கேட்கவில்லை.

ஜூன் 8. ஞாயிறு

முதல் பஸ். தடைக்காலம் 14ஆம் தேதியோடு முடிகிறது. ஓனர் போன் செய்தார், நானே வந்து பாயிண்டெல்லாம் ஏற்றிக் கொடுத்துவிட வேண்டுமாம், பையனுக்கு ஒன்றும் தெரியாதாம். முடியாது என்றேன். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பையன் கையால்தான் ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். முதலில் மேரி.