கண்ணாடி ஓட்டுக்குக் கீழே

அம்மாச்சி வீட்டு அடுப்படியை வரைந்துகொண்டிருக்கிறேன். திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் இருந்த ஓட்டு வீடு. இப்போது அந்த இடத்தில் கான்கிரீட் வீடு நிற்கிறது. டேப்லட் முன்னால் உட்கார்ந்து மூன்று வாரமாயிற்று, நாற்பது லேயர் தாண்டிவிட்டது. அடுப்பு, அம்மி, உறி, பித்தளைக் குடம், ஊதுகுழல், சுவரோரம் அடுக்கிய விறகு, எல்லாம் வந்துவிட்டன. எல்லாமே தெளிவாகத் தெரிகின்றன. அடுப்படி மட்டும் வரவில்லை.

*

வாசல் வெயிலில் விளையாடிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே ஓடினால் கொஞ்ச நேரத்துக்கு எதுவும் தெரியாது. முதலில் தணல். அப்புறம் குடத்தின் விளிம்பு. அப்புறம்தான் அம்மாச்சியின் நரைத்த தலை. அந்த இருட்டுக்குள் கண் மெல்ல நுழைந்த நேரம் என் படத்தில் இல்லை.

உச்சி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். ஜன்னல் இல்லாத அடுப்படியின் மூலையில் 10 லக்ஸ் இருந்தாலே அதிகம். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். நான் வேலை செய்வது போன்ற சாதாரண ஸ்கிரீனில் முழு வெள்ளைக்கும் முழுக் கறுப்புக்கும் நடுவே ஆயிரம் மடங்குதான், அறை விளக்கு கண்ணாடியில் பட்டால் அதுவும் போய்விடும். காகிதத்தில் அச்சானால் நூறு மடங்குகூடத் தேறாது. ஆகவே எதையாவது இழந்தே ஆக வேண்டும். கூரையின் கண்ணாடி ஓடு வெறும் வெள்ளையாகக் கரைய வேண்டும், அல்லது மூலை இருட்டோடு போக வேண்டும். இழக்க மனசில்லாமல் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக வெளிச்சம் போட்டிருக்கிறேன். பாத்திரக்கடை ஷோகேஸ் மாதிரி ஆகிவிட்டது.

*

குடம். முதல் தடவை மஞ்சளில் ஆரம்பித்துப் பழுப்பு வரை சாஃப்ட் பிரஷ்ஷால் இழுத்தேன். உருண்டையாக இருந்தது, பித்தளையாக இல்லை. நேற்று அம்மாவின் பழைய குடத்தை அலமாரியிலிருந்து இறக்கி, அறையை இருட்டாக்கி, ஒரு பக்கம் மெழுகுவர்த்தியும் மறுபக்கம் லேசாகத் திறந்த கதவுமாக வைத்து அரை மணி நேரம் பார்த்தேன். பித்தளையின் மஞ்சள் என்று தனியாக ஒன்று அதில் இருக்கவே இல்லை. மெழுகுவர்த்திச் சுடர் ஒரு பக்கம் நீண்டு வளைந்து கிடந்தது. கதவிடுக்கு ஒரு கோடாகக் கழுத்தில் ஏறி, தோளில் அகன்று, வயிற்றில் மெலிந்தது. நடுவில் பெரிய இருட்டு. அந்த இருட்டு நான்தான், குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிற என் உருவம். குடத்தின் பெரும்பகுதி கறுப்பு என்பதை இத்தனை வருஷம் கவனிக்கவில்லை.

இன்னொன்று. உலோகத்தில் மின்னும் புள்ளி உலோகத்தின் நிறத்தை வாங்கிக்கொள்கிறது. மண்பானையிலோ வியர்த்த நெற்றியிலோ அப்படி இல்லை, அங்கே வெளிச்சத்தின் நிறம் அப்படியே மின்னும். ஆக, வானத்து வெளிச்சம் பானையில் நீலம் கலந்த வெள்ளை, குடத்தில் பொன் கலந்த வெள்ளை. நான் இரண்டுக்கும் ஒரே வெள்ளையை வைத்திருந்தேன்.

*

நிழலுக்கு மல்டிப்ளை லேயரில் சாம்பல் பூசுவதை நிறுத்த வேண்டும். நிழல் என்றால் ஒரு விளக்கு எட்டாத இடம், அவ்வளவுதான். இன்னொரு வெளிச்சம் அங்கே எட்டும். இந்த அடுப்படியில் இரண்டு வெளிச்சம்: கூரையில் பதித்த ஒற்றைக் கண்ணாடி ஓடு வழியாக வருவது, அடுப்பிலிருந்து வருவது. ஓட்டு வெளிச்சத்தை அம்மாச்சியின் தோள் மறைத்தால் அந்த நிழலில் அடுப்பின் செம்மை ஏறும். அடுப்பை அம்மி மறைத்தால் அந்த நிழல் நீலமாகக் குளிரும். தரையில் விழுந்த வெயில் சாணி மெழுகிய நிறத்தோடு எழும்பி அவர் தாடைக்கு அடியில் படும்.

1984இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டியைக் கணினியில் வரைந்தார்கள். ஒரு பக்கச் சுவர் சிவப்பு, மறுபக்கம் வேறு நிறம், மற்றதெல்லாம் வெள்ளை. பக்கத்துச் சுவர்களின் நிறம் வெள்ளையில் கசிவதைக் கணக்குப் போட்டுக் காட்டியது அந்தப் படம். ஒரு காலிப் பெட்டிக்கு அவ்வளவு உழைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குத் தெம்பாக இருக்கிறது.

*

அடுப்பிலிருந்து ஓரடியில் கை, நாலடியில் சுவர். தூரம் நாலு மடங்கென்றால் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்கு. 255ஐப் பதினாறால் வகுத்து 16 என்று சுவருக்கு வைத்தேன், கரிக்கட்டை மாதிரி ஆனது. ஸ்கிரீன் எண்கள் வெளிச்சத்தை நேராக அளப்பதில்லை. இருட்டுப் பக்கம் நம் கண் நுணுக்கமாகப் பிரித்தறியும் என்பதால் எண்களை அந்தப் பக்கம் அதிகமாக ஒதுக்கியிருக்கிறார்கள். பதினாறில் ஒரு பங்கு என்பது 71. மாற்றிய உடனே சுவர் மூச்சுவிட்டது.

*

புகையில் இறங்கும் வெயில் பட்டை. வெள்ளைப் பட்டையாக ஓட்டிலிருந்து நேராகத் தரை வரை இழுத்திருந்தேன். டார்ச் அடித்த மாதிரி இருக்கிறது. அந்தப் பட்டையில் நாம் பார்ப்பது புகையைத்தான். புகை திரண்ட இடத்தில் அழுத்தமாக, விலகிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல் வர வேண்டும். பின்னால் கரிபிடித்த சுவர் இருந்தால்தான் அது துலங்கும், சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் மங்கிவிடும். ஓரமும் முழுக்கக் கூர்மை கிடையாது. சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம் என்பதால், பத்தடி இறங்கும்போது ஓரம் ஓர் அங்குலச் சொச்சம் குழைந்திருக்கும்.

*

முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் அதே அடுப்படியைக் கட்டிப் பார்த்தேன். வெளிச்சம் எங்கெல்லாம் பட்டுத் தெறிக்கும் என்பதை ஒரே சமன்பாட்டில் கணினி வரைகலை ஆய்வாளர் கஜியா எழுதியது 1986இல். அதன் வழித்தோன்றல்தான் இந்த ரெண்டர். நிழலெல்லாம் சரி. ஆனால் யாரும் சமைக்காத அடுப்படி. கரி அடுப்புக்கு நேர் மேலே அட்டையாகப் படிந்து, போகப் போக மெலியும். கதவு நிலையில் கை பிடித்துப் பிடித்து வழவழப்பான இடம் ஒன்று உண்டு, அதற்குக் கீழே பேரப் பிள்ளைகள் உயரத்தில் இன்னொன்று. டெக்ஸ்ச்சர் பிரஷ் இவற்றைச் சுவர் முழுக்க ஒரே சீராகத் தூவிவிடுகிறது. யார் தொட்டார்கள் என்று அதற்குத் தெரியாது. இதை நான்தான் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும்.

*

ஓவியர் சில்பி கோயில் சிற்பங்களைக் கோட்டோவியமாகத் தீட்டினார், அவை விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்ற தொடராக வந்தன. கறுப்புக் கோட்டை மட்டும் வைத்துக் கல்லின் மேல் வெளிச்சம் நகர்வதைக் காட்டியவர். அந்தப் பக்கம் ஒரு உயரம். இந்தப் பக்கம் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்த ஓவியர் இளையராஜா. எண்ணெய் வண்ணத்தில் அவர் தீட்டிய கிராமத்துப் பெண்களைப் பார்த்து எல்லாரும் புகைப்படம் மாதிரி இருக்கிறது என்றார்கள். நான் அதில் பார்ப்பது வேறு. முகத்தின் ஒரு பாதியில் வெளிச்சம் விழ, மறுபாதியை எவ்வளவு தூரம் இருட்டுக்குக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. அந்தச் செய்தி கேட்ட அன்று நான் பேனாவைத் தொடவில்லை.

*

மூலையை இருட்டிடம் விட்டேன். உறிக்குக் கீழே விறகு, சாடி, முறம் என்று வரைந்ததையெல்லாம் அழித்து நாலு தீற்றலில் நிறுத்தினேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். இப்போதுதான் அடுப்படி.

*

அம்மாவுக்கு அனுப்பினேன். சாயங்காலம் போன் வந்தது.

“நல்லா இருக்குடா. ஆனா வெயில் நேரா தரையில விழுகுறப்ப அடுப்பு எப்படி எரியும்? அம்மாச்சி ஒம்பது மணிக்கெல்லாம் சோறு வடிச்சிருமே.”

நேராக விழும் பட்டை மத்தியான வெயில். அம்மாச்சி சமைத்தது காலையில். மூன்று வாரமாக வெளிச்சத்தின் நிறம், ஓரம், அளவு எல்லாம் பார்த்தவன் மணியைப் பார்க்கவில்லை.

காலை வெயில் எங்கே விழும் என்று பார்க்கப் பழைய போனைத் தேடி எடுத்தேன். 2019 டிசம்பர் 26, வளைய சூரிய கிரகணம். திண்டுக்கல் பக்கம் முழு வளையமும் தெரிந்தது, காலை ஒன்பதரை வாக்கில். எல்லாரும் வெளியே நிற்க, நான் அடுப்படிக்குள் ஓடியிருந்தேன். ஓட்டு இடுக்குகளில் சின்னச் சின்ன வெயில் வட்டங்கள் எப்போதும் விழும், அவை சூரியனின் உருவமே. அன்று ஒவ்வொன்றும் வளையல் மாதிரி விழுந்திருந்தது. அன்று எடுத்த போட்டோவில் எண்ணினால் பதினேழு வளையம். ஒன்றுகூடத் தரையில் இல்லை. அத்தனையும் மேற்குச் சுவரில், சாய்ந்து நீண்டு, உறியை ஒட்டி.

பட்டை சாய வேண்டும். தரை இருண்டுவிடும், தாடைக்கு அடியில் வைத்த எதிரொளி போக வேண்டும், கன்னத்துக்குச் சுவரிலிருந்து வெளிச்சம் வர வேண்டும். இருட்டிடம் விட்ட மூலைதான் இனி வெளிச்சம் விழும் இடம்.

அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டேன். உறிக்குக் கீழே என்னென்ன இருந்தது என்று கேட்டேன்.

“உப்புச்சாடி. மூடி உடைஞ்சு போய், ஒரு கொட்டாங்குச்சிய கவுத்து வச்சிருக்கும்.”