ஓரத்தில் நிற்பவர்கள்

தமிழ்ப்பள்ளித் திடலில் பந்து உதைத்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அங்கே யாருக்கும் தனி இடம் கிடையாது. பந்து எங்கே போகிறதோ அங்கே எல்லாரும் கூட்டமாக ஓடுவோம். “நீ ஓரமாக நில்லு” என்று யாராவது சொன்னால், நம்மை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை என்றுதான் பொருள். அந்த ஓரமே ஒரு பொறுப்பு, அதற்கென்று ஆள் தேடுவார்கள் என்பது இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகே எனக்குத் தெரிந்தது. அந்த ஆளைத் தேடும் வேலை ஒருநாள் என் கைக்கே வரும் என்று நான் நினைத்ததில்லை.

கடந்த பருவத்தின் கடைசி ஆட்டத்தில் என் வலது முழங்கால் தசைநார் கிழிந்தது. ஒன்பது மாதம் பந்தைத் தொடக்கூடாது என்றார் மருத்துவர். எங்கள் விடுதி அணியின் வலது ஓர ஆட்டக்காரன் நான். எங்கள் பயிற்றுநர் முதுகலை படிக்கும் மலாய்க்கார மாணவர். அவரை எல்லாரும் ‘அபாங்’ என்றே அழைப்போம். புதிய பருவம் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். ஓரத்தில் ஆட ஐந்து பேர் வந்திருக்கிறார்கள், எனக்கு மூவர் போதும், உன் கால் ஆடாவிட்டாலும் கண் ஆடட்டும் என்றார். என் இடத்திற்கு வரப்போகிறவனை நானே தேர்ந்தெடுக்க வேண்டும். அதைப் பெருமையாக எடுத்துக்கொள்வதா, அழுவதா என்று அன்றிரவு எனக்கு விளங்கவில்லை.

ஓர ஆட்டக்காரரை எப்படி எடை போடுவது? அனைத்துலகத் தரத் திடலின் அகலம் பொதுவாக 68 மீட்டர். அவ்வளவு அகலத்தையும் எதிரணியின் நான்கு தற்காப்பு ஆட்டக்காரர்கள் அடைத்துவிட முடியாது. நம் ஆள் கோட்டை ஒட்டி நின்றால் அவனைக் காக்க ஒருவன் வெளியே வந்தாக வேண்டும். அவன் வந்தால் நடுவில் இடைவெளி விழும். ஆகவே, ஓரத்தில் நிற்பவன் பந்தைத் தொடாமலேயே பாதி வேலையைச் செய்துவிடுகிறான். மீதிப் பாதி ஓட்டம், எதிரியைத் தாண்டும் துணிவு, ஓடிக்கொண்டே பந்தைக் கோல் முன்னே அனுப்பும் திறன், பந்து பறிபோனால் திரும்பி ஓடிவரும் மனம்.

எனக்கு இந்த ஆசை எப்போது வந்தது என்று சொல்ல முடியும். 2010 டிசம்பர் 26. நான் முதலாம் ஆண்டை முடித்திருந்தேன். சுசுகி கிண்ண இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் புக்கிட் ஜாலிலில் நடந்தது. பக்கத்து வீட்டு வரவேற்பறை நிறைய ஆட்கள். நோர்ஷாருல் இட்லான் கோல் கோட்டோரமாக ஒருவரைத் தாண்டிப் பந்தை உள்ளே தள்ள, சாஃபி சாலி அதைக் கோலாக்கினார். இந்தோனேசியாவை 3-0 என வென்றோம். மூன்று நாளுக்குப் பிறகு ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றும், மொத்தம் 4-2 என்ற கணக்கில் கிண்ணம் நமக்கு வந்தது. பயிற்றுநர் கே. ராஜகோபால் பெயரை என் தந்தை அன்று எத்தனை முறை சொன்னார் என்று கணக்கில்லை. எல்லாரும் கோல் போட்டவரைக் கொண்டாடினார்கள். எனக்கோ அந்தக் கோட்டோர ஓட்டம்தான் மனத்தில் நின்றது.

இனி அந்த ஐவருக்கு வருகிறேன். சட்டை எண்ணைக் கொண்டே அவர்களைக் குறிப்பிடுகிறேன். 11 சபாவிலிருந்து வந்தவன். இடது கால்காரன். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாலும் பந்து கோல் முன்னே போய் விழும். ஆனால், திரும்பி ஓடிவரச் சோம்பல். 20 சீன மாணவன். பள்ளியில் ஓட்டக்காரன். வித்தை எதுவும் இல்லை, தவறும் இல்லை. தற்காப்புக்கு அவனைப்போல் உதவுபவன் கிடையாது. ஓரத்தில் தாக்குதல் ஆட்டக்காரராகத் தொடங்கி, பிறகு தேசிய அணிக்கே வலப்புறத் தற்காப்பாளராக ஆடிய எஸ். குணாலன் எனக்கு நினைவுக்கு வந்தார். 21 கிளந்தான்காரன். மூன்று பேரைத் தாண்டுவான், நான்காவது ஆளிடம் பந்தைக் கொடுத்துவிடுவான். 17 சுங்கை சிப்புட்காரன், என் அறை நண்பன். முழங்கால் கிழிந்த அன்று என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். 30 மீட்டரை 4.1 விநாடியில் ஓடினான். ஐவரில் அவனே வேகம். ஆனால், பந்து கிடைத்தவுடன் நடுவே வந்துவிடுவான். அவன் நிற்க வேண்டிய ஓரம் காலியாகக் கிடக்கும்.

23 முதலாம் ஆண்டு மாணவன். கெடாவில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். பேச்சு மிகக் குறைவு. பந்து அருகிலிருந்து வந்தால் அழகாக ஆடுவான். தூரத்திலிருந்து வந்தால் திகைத்து நிற்பான். பந்து அவனைக் கடந்து வெளியே போய்விடும். முதல் வாரத்தில் அவனைக் கூப்பிட்டு, “ஏன் தம்பி அப்படியே நின்னுடுற?” என்று கேட்டேன். “தெரியல அண்ணா” என்றான். ஆட்டத்தைப் படிக்கத் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அபாங் படிக்க வேண்டும் என்பதால் நோட்டில் மலாயில்தான் எழுதினேன். 23க்கு நேரே ஒரே சொல்: ‘லெம்பாப்’. மந்தம் என்று பொருள்.

இரண்டாம் வாரக் கடைசியில் பட்டியலைப் படியெடுக்க உட்கார்ந்தபோது அந்தச் சொல்லைப் பார்த்தேன். என் கையெழுத்தில் அதைப் பார்த்தது அதுவே முதல் தடவை. ஆனால், அந்தச் சொல்லை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் என் மலாய் மொழிப் புள்ளி போதவில்லை. ஆகவே, 2016இல் தேசிய இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். கூடப் படித்த மற்றவர்கள் முதலாம் படிவத்தில் இருக்க, நான் ஓராண்டு பின்னால் நின்றேன். அந்த ஆண்டு பள்ளி அணிக்குத் தேர்வு நடந்தது. எல்லாருக்கும் ஆரஞ்சு நிற மேற்சட்டை கொடுத்தார்கள். நான் வலப்புறம் நின்றேன். ஆசிரியர் என்னைப் பார்த்து “புக்கா! புக்கா!” என்று கத்தினார். எனக்குத் தெரிந்த ‘புக்கா’ இரண்டுதான். கதவைத் திறப்பது ஒன்று, சட்டையைக் கழற்றுவது மற்றொன்று. திடலில் கதவு இல்லை. ஆகவே, மேற்சட்டையைக் கழற்றினேன். விலகி ஓரத்திற்குப் போ, இடத்தைத் திற என்று அவர் சொல்லியிருக்கிறார். திடலே சிரித்தது. ‘லெம்பாப்’ என்று அவர் எழுதிக்கொண்டாரோ இல்லையோ, வாயால் சொன்னார். இரண்டு ஆண்டு மாற்று ஆட்டக்காரர் பலகையில் உட்கார்ந்திருந்தேன். என் காலில் குறை இல்லை. ஒரு சொல்லுக்கு இன்னொரு பொருள் இருந்தது, அவ்வளவுதான்.

காற்பந்து வரலாற்றிலும் இப்படி நடந்ததுண்டு. 1958 உலகக் கிண்ணத்திற்குப் போன பிரேசில் அணியில் ஓர் உளவியலாளர் இருந்தார். ஆட்டக்காரர்களுக்கு அவர் வைத்த சோதனையில் கரிஞ்சா மிகக் குறைந்த புள்ளி பெற்றார். பெலே இன்னும் சிறுபிள்ளை என்பது அவருடைய முடிவு. இருவரையும் களமிறக்க வேண்டாம் என்றே அவர் கருத்துச் சொன்னார். கரிஞ்சாவின் கால்களோ பிறவியிலேயே வளைந்தவை. முதல் இரண்டு ஆட்டங்களில் இருவரும் ஆடவில்லை. மூன்றாவதாக, சோவியத் ஒன்றியத்திற்கு எதிராக இருவரும் இறங்கினார்கள். பிரேசில் 2-0 என வென்றது. இறுதியாட்டத்தில் சுவீடனை 5-2 என வீழ்த்திக் கிண்ணத்தையும் வென்றது. அவர்கள் இருவரும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே இல்லை. அந்தச் சோதனை பொய்யானது என்று நான் சொல்லவில்லை. அது அளந்தது வேறு, திடலுக்குத் தேவைப்பட்டது வேறு.

நோட்டைத் திரும்பப் புரட்டினேன். ஒவ்வொரு பந்தும் எங்கிருந்து வந்தது, எத்தனை மணிக்கு என்று நல்லவேளையாகக் குறித்து வைத்திருந்தேன். 23க்கு அருகிலிருந்து வந்த பந்து பதினான்கு. பன்னிரண்டைச் சரியாக எடுத்திருந்தான். எதிர் ஓரத்திலிருந்து வந்த நீண்ட பந்து பதினொன்று, எட்டைத் தவறவிட்டிருந்தான். அந்த எட்டும் மாலை ஆறரை மணிக்குப் பிறகு வந்தவை. மந்தமானவன் ஐந்தரை மணிக்கும் மந்தமாகத்தானே இருக்க வேண்டும்?

மறுநாள் உணவகத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். “தம்பி, அன்னிக்குத் தெரியலன்னு சொன்னியே, என்ன தெரியல?”

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “பந்து தெரியல அண்ணா.”

அவனுக்குக் கிட்டப்பார்வை. முந்நூறுக்கும் மேல் பவர். வகுப்பில் கண்ணாடி போடுகிறான், திடலுக்கு வரும்போது கழற்றி வைத்துவிடுகிறான். பள்ளியில் ஒருமுறை பந்து பட்டுக் கண்ணாடி உடைந்துபோனது. மறுபடியும் உடைந்தால் அம்மா எங்கே போவார் என்ற பயம். கண் தெரியவில்லை என்று சொன்னால் அணியில் எடுக்கமாட்டீர்கள் என்ற பயம் அதைவிடப் பெரிது. அவன் உண்மையைத்தான் சொல்லியிருந்தான், அதுவும் என் தாய்மொழியில். ‘தெரியல’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பது தமிழ்ப்பள்ளியில் படித்த எனக்குத் தோன்றவில்லை. மலாய் தெரியாமல் அன்று நான் மேற்சட்டையைக் கழற்றியதற்குச் சாக்கு இருந்தது. இதற்கு என்ன சாக்கு?

நெதர்லாந்து ஆட்டக்காரர் எட்கர் டேவிட்ஸ் கண் அழுத்த நோய்க்காகப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டே உலகின் பெரிய அணிகளில் ஆடினார் என்று அவனிடம் சொன்னேன். செய்தியைக் கேட்ட அபாங், அன்று மாலையே அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோனார். ஒருநாள் மட்டும் அணிந்து எறியும் ஒட்டுவில்லை ஒரு பெட்டி வாங்கினோம். காசை நாலைந்து பேர் பங்கிட்டுக்கொண்டோம். முதல் நாள் அதைக் கண்ணில் வைக்க அவனுக்கு அரைமணி நேரம் ஆனது. கண் சிவந்து, அழுதவன்போல் திடலுக்கு வந்தான். எதிர் ஓரத்திலிருந்து வந்த முதல் நீண்ட பந்துக்கு, அது காலைவிட்டுக் கிளம்பும்போதே ஓடத் தொடங்கினான்.

மூன்றாம் வாரம் பட்டியலைக் கொடுத்தேன்: 11, 20, 23. என் நண்பன் 17 அதில் இல்லை. அவனுக்கு அடுத்தவர் சொல்லித் தெரியக்கூடாது என்று நானே அறையில் சொன்னேன்.

“நீ எழுதினதா?”

“ஆமாண்டா.”

“சரி.”

இரண்டு வாரம் அவன் தனியாகச் சாப்பிட்டான். ஒரே அறையில் இருவர் பேசாமல் இருப்பது எவ்வளவு சத்தமானது என்று அப்போது அறிந்தேன். பிறகு ஒரு நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு அவனே பேசினான். “மச்சான், அந்தத் தம்பிகிட்டப் போய்க் கேட்ட. என்கிட்ட ஏன் கேட்கல?”

“என்ன கேட்கணும்?”

“நான் ஏன் உள்ளே வர்றேன்னு. போன வருஷம் வலது பக்கம் நீ வெளியவே நின்ன. அதனால இடது பக்கத்திலிருந்து என்னை உள்ளே வரச் சொன்னாரு அபாங். ஒரு வருஷம் அப்படியே பழகிட்டேன். இப்ப நீ இல்ல. யாரும் மாத்திக்கச் சொல்லல.”

இருட்டில் என் முகம் அவனுக்குத் தெரியாமல் போனது நல்லது. நான் குறையாக எழுதியது, எனக்குத் துணையாக அவன் கற்றுக்கொண்ட பழக்கம். தெரியாத தம்பியிடம் கேட்கத் தோன்றிய எனக்கு, தெரிந்த நண்பனிடம் கேட்கத் தோன்றவில்லை. அவனைத்தான் எனக்குத் தெரியுமே என்று இருந்துவிட்டேன். மறுநாள் காலை அபாங்கிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலை மாற்ற முடியாது, பெயர் கொடுத்தாகிவிட்டது என்றார். ஆனால், நடுவில் ஆடும் மாற்றுத் தாக்குதல் ஆட்டக்காரனாக 17ஐ எடுத்துக்கொண்டார். உள்ளே வரும் பழக்கம் அங்கே குறையாகாது அல்லவா?

முதல் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக முடிந்தது. 23 கோல் எதுவும் போடவில்லை. இருமுறை பந்தைப் பறிகொடுத்தான். ஒருமுறை மட்டும், விளக்கு வெளிச்சத்தில் எதிர் ஓரத்திலிருந்து வந்த பந்தை ஓடிப் பிடித்துக் கோல் முன்னே அனுப்பினான். மாற்றாக வந்திருந்த 17 தலையால் முட்டினான். கம்பத்திற்கு மேலே போய்விட்டது. இருவரும் தலையில் கைவைத்துச் சிரித்தார்கள். பலகையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. 51ஆவது அதிகாரம். ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. பள்ளியில் மனனம் செய்தபோது அது அரசனுக்குச் சொன்னது என்றுதான் நினைத்தேன். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்துவிட்டால் யாரும் அந்த அரசனாகிவிடலாம் என்று இப்போது தெரிகிறது. நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம், அதிகாரியாவோம், நேர்முகத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவோம். ஒரு சொல்லில் ஒருவரை எழுதி முடிக்கும் வசதி நமக்கும் வரும்.

என் கால் தேறி வருகிறது. அடுத்த பருவத்திற்கு நோட்டில் புதிய அட்டவணை போட்டிருக்கிறேன். ஓட்டம், முதல் தொடுதல், அனுப்புதல், தற்காப்பு என்ற பழைய பகுதிகள் அப்படியே இருக்கின்றன. கடைசியில் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். அதற்கு மட்டும் தமிழில் தலைப்பு எழுதினேன்: ‘கேட்டேனா?’