நீலத்திரை

விண்டோஸ் 11 போட பயாஸை அப்டேட் செய்தாக வேண்டும் என்று தம்பி மகன் வந்து செய்துவிட்டுப் போனான். மறுநாள் ஆரம்பித்தது வம்பு. அப்பாவின் 1968 டைரியைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பேன், திடீரென்று நீலத்திரை. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை. அந்தத் தாள்கள் தொட்டாலே உதிர்கின்றன. ஒரு பக்கத்தை இரண்டாம் முறை புரட்ட பயமாக இருக்கிறது.

கடைக்காரர் போனிலேயே, "மதர்போர்டு போச்சு சார், மாத்திடுங்க" என்றார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 34 வருடம் ஃபால்ட் தேடியவனுக்கு அது ஒப்பவில்லை. நேற்றுவரை ஓடிய லைன் இன்று செத்தால், நடுவில் என்ன மாறியது என்றுதான் முதலில் பார்ப்போம்.

ஈவென்ட் வியூவரில் வரிசையாக 'கெர்னல் பவர் 41'. ஒழுங்காக அணையாமல் நின்றுபோனது என்பதைத்தான் அது சொல்லும். எங்கள் ஆபீஸ் ரிப்போர்ட் மாதிரி!

பயாஸ் மாறியதும் செட்டிங் எல்லாம் பழையபடி ஆரம்ப நிலைக்குப் போயிருந்தது. பையன் முன்பு இருந்த மாதிரியே எக்ஸ்எம்பியை ஆன் செய்து, ராமை 3200 வேகத்தில் வைத்திருந்தான். ராத்திரி மெம்டெஸ்ட் ஓடவிட்டேன். காலையில் திரை முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு ஸ்டிக்காகப் போட்டுப் பார்த்தால் சுத்தம். எக்ஸ்எம்பியை அணைத்து இரண்டையும் போட்டேன். வேகம் 2133க்கு இறங்கியது, பிழை ஒன்றுகூட இல்லை. இரண்டையும் சேர்த்து அந்த வேகத்தில் ஓட்டத்தான் புது பயாஸுக்கு முடியவில்லை.

"ஸ்பீடு குறையுமே பெரியப்பா" என்றான். நான் தட்டுவதே நிமிடத்துக்கு 15 வார்த்தை.

மூன்று வாரமாக நீலத்திரை இல்லை. டைரியில் ஆகஸ்ட் வந்திருக்கிறேன். அப்பா எனக்கு வாடகைச் சைக்கிள் எடுத்துக் கொடுத்த மாதம்.