பெட்டை என்றால் வேண்டாமா?

நாய் நன்றியுள்ள பிராணி என்று பாலர் வகுப்பிலேயே நாம் படித்துவிடுகின்றோம். அதனைப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெறுகின்றோம். ஆயின், அந்த நன்றிக்குப் பாத்திரராகும்படி நாம் அதற்குச் செய்தது யாது என்று எந்தப் பாடநூலும் நம்மைக் கேட்பதில்லை.

நம் ஊர்களில் நிலவும் வழக்கமொன்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். அயல்வீட்டு நாய் குட்டி போட்டதென்று அறிந்தவுடன், “கடுவன் குட்டி இருக்கிறதா?” என்பதே நமது முதற் கேள்வி. கடுவன்கள் கண் திறக்குமுன்னரே பங்கிடப்பட்டுவிடும். எஞ்சிய பெட்டைகள், ஒருநாள் இருட்டியபின், உரப்பையொன்றில் ஏற்றப்பட்டுச் சந்தையோரத்திலோ கோயில் வீதியிலோ இறக்கிவிடப்படும். இரக்கமுள்ள எவரேனும் எடுத்து வளர்ப்பார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, கொண்டுபோனவர் வீடு திரும்புவார்.

அவற்றுட் பல மாண்டு போகின்றன. பிழைத்தவை பெரும்பாலும் ஓராண்டு நிறையுமுன்னரே பருவம் எய்துகின்றன. நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாட்களே; ஆண்டில் இருமுறை ஈனவும் அதனால் இயலும். தெருவெங்கும் கட்டாக்காலி நாய்கள் பெருகிவிட்டன என்று பிரதேச சபைக்கு முறைப்பாடு எழுதுபவரும், முன்னொருநாள் உரப்பை சுமந்தவரும் சிலவேளைகளில் ஒருவராகவே இருத்தல் கூடும்.

இலங்கையில் 1893ஆம் ஆண்டிலேயே நீர்வெறுப்பு நோய்க்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லுதலே நெடுங்காலமாகக் கையாளப்பட்ட வழி. அவ்வாறு கொன்றும் 1973ஆம் ஆண்டில் 377 பேர் அந்நோயால் இறந்தனர். அண்மைக் காலத்தில் அத்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கியுள்ளது. இதற்குப் பெருங்காரணமாயிருந்தது தடுப்பூசியேயன்றிக் கொலையன்று. 2006ஆம் ஆண்டிலே தெருநாய்களைக் கொல்லாக் கொள்கையை அரசு மேற்கொண்டது. கொல்லக்கூடாது என்றால் அவற்றைக் காப்பது யார்? இக்கேள்விக்கு விடையாகவே சில நல்ல உள்ளங்கள் புகலிடங்களை நடத்தி வருகின்றன. இம்முயற்சி உலகிற்குப் புதிதுமன்று. 1860இல் மேரி டீல்பி என்னும் பெண்மணி லண்டனில் நாய்களுக்கு இல்லம் அமைத்தபோது, பத்திரிகைகள் அவரை எள்ளி நகையாடின. அவ்வில்லமோ இன்றும் நிலைத்து நிற்கின்றது.

சென்ற மார்கழி விடுமுறையில், எட்டாந் தரத்திற் படிக்கும் என் மகளுடன் அத்தகைய புகலிடமொன்றுக்குச் சென்றேன். புறப்படும்போதே என் தாயார் எச்சரித்தார்: “தம்பி, கொண்டு வாறதெண்டாற் கடுவனாப் பார்த்துக் கொண்டு வா. பெட்டையை வைச்சிருந்தா ஊர்க் கடுவன் முழுக்க எங்கட படலையிலதான் நிற்கும்.”

அங்கே கூடு கூடாக நாய்கள். வாகனம் மோதிக் காலிழந்தவை சில. கொதிநீர் ஊற்றப்பட்டு முதுகு வெந்தவை சில. வருவோர் எல்லோரும் குட்டிகளையே நாடுகின்றனர் என்றும், வளர்ந்த பெட்டைகளைத் திரும்பியும் பார்ப்பதில்லை என்றும் பொறுப்பாளர் கூறினார். மகள் சிறிது நேரம் மௌனமாக நின்றாள். பின்னர், “பெட்டையெண்டா ஏனப்பா ஒருத்தருக்கும் வேண்டாம்?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது நாயைப் பற்றி மட்டுந்தானா என்பது எனக்கு விளங்கவில்லை. பெண்பிள்ளை பிறந்ததென்றால் முகஞ் சுருக்கும் பெரியவர்களை அவள் கண்டிராதவள் அல்லள். வகுப்பறையில் எத்தனையோ வினாக்களுக்கு விடை பகர்ந்த எனக்கு, அங்கே சொற்கள் உதவவில்லை. மூலையில் ஒடுங்கிக் கிடந்த செந்நிறப் பெட்டையொன்றைச் சுட்டிக் காட்டி, “இதைத் தருவீர்களா?” என்று கேட்டேன்.

உடனே தந்துவிடவில்லை. வேலி அடைப்பானதா, பகலில் வீட்டில் யார் இருப்பர், பிரயாணம் போனாற் சோறு வைப்பவர் யார் என்றெல்லாம் விசாரித்தார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கூட இத்துணை நுணுக்கமாக விசாரியார். நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தது, தடுப்பூசியும் ஏற்றப்பட்டிருந்தது. ஆகவே, படலையிலே கடுவன்கள் கூடிநிற்கும் என்னும் அச்சத்திற்கு இடமிருக்கவில்லை.

விடைபெறும்போது பொறுப்பாளர் சொன்னார்: “மாஸ்ரர், கூப்பிட்டுக் கூப்பிட்டு அதை வெருட்டிப்போடாதேங்கோ. கண்ணுக்குள்ள உத்துப் பாராதேங்கோ. நேரத்துக்குச் சாப்பாட்டை வைச்சிட்டு விலகி நில்லுங்கோ. அது தானா வரும்.”

செம்பி என்று பெயரிட்டோம். முதல் வாரம் முழுவதும் அது விறாந்தை வாங்கின் கீழேயே கிடந்தது. நாம் பார்த்திருக்க உண்ணாது. முற்றம் கூட்டுவதற்கு விளக்குமாற்றை எடுத்தாற் போதும், உடலெல்லாம் நடுங்கும். அந்நடுக்கத்தின் வரலாற்றை எவரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அது முதன்முதலாக அணுகியது என்னையன்று; மகளையுமன்று. என் தாயாரையே! நாமிருவரும் ஆவல் மேலிட்டு அடிக்கடி எட்டிப் பார்ப்போம். தாயாரோ அதனை ஏறெடுத்தும் பாராமல், வாங்கிலிருந்து தம்பாட்டில் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். பொறுப்பாளரின் அறிவுரையை வீட்டில் ஒழுங்காகப் பின்பற்றியவர் அவர் ஒருவரே. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் செம்பி வெளியே வந்து, அவர் காலடியிலே தலைவைத்துப் படுத்துக்கொண்டது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. இப்பொழுது வெள்ளிக்கிழமைகளில், “பாவம், அதுக்கும் சேர்த்தோ விரதம்?” என்று எங்களைக் கடிந்துகொள்பவரும் அவரே.

பெருந்தொகை கொடுத்துச் சாதிநாய் வாங்குவோரை நான் குறைகூறவில்லை. ஆனால், பாரதத்தின் இறுதியிலே தன்னைப் பின்தொடர்ந்து வந்த நாயை விட்டு இந்திரனின் தேரில் ஏற மறுத்த தருமன், அது சாதிநாயா கட்டாக்காலியா என்று விசாரித்ததாக நான் அறியேன்.

பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள். பெட்டையாயின் மிருக வைத்தியரிடம் காட்டிக் கருத்தடை செய்வியுங்கள். உரப்பைக்கு வேலை இராது. இடமும் மனமும் உள்ளவர்கள், புகலிடத்தில் ஒருவரும் கேளாது கிடக்கும் வளர்ந்த நாயொன்றைக் கேட்டு வாங்குங்கள். எதனை வேண்டும் என்கின்றோம், எதனை வேண்டாமென்று தள்ளுகின்றோம் என்பதை நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கின்றார்கள். தமக்கு இவ்வீட்டில் என்ன மதிப்பு என்பதையும் அவர்கள் அதிலிருந்தே அறிந்துகொள்கின்றார்கள்.