கிப்லாவை நோக்கித் திரும்பிய கட்டில்

மிளகு வாணிபம் செய்யும் என் கணவருடன் கொல்லிமலை சென்றபோது, தோட்டத்துச் சரிவில் விழுந்து தொடையெலும்பு முறிந்தது. நாமக்கல்லில் ஏழு வாரம் படுக்கை. என்னைப் பேணிய செவிலி அம்மலையிலேயே பிறந்த பெண். சுபுஹு பாங்கிற்கு முன்பே வெந்நீர் கொணர்ந்து, நான் ஒளுச் செய்து முடிக்கும்வரை முதுகைத் தாங்கிக்கொள்வாள். கிப்லா எத்திசை என்று ஒரே முறைதான் கேட்டாள். மறுநாள் என் கட்டில் திரும்பியிருந்தது!

அம்மலைக்கு இத்தொண்டு புதிதன்று. எவ்லின் பிராண்டு என்னும் ஆங்கில அம்மையார், கணவர் ஜெஸ்ஸி 1929-ல் அங்கே காய்ச்சலில் மறைந்தும் மனம் தளராது, முதுமையில் மீண்டும் மலையேறி நோயாளிகளைப் பேணியவர். 1974-ல், 95-ஆம் வயதில் மறைந்தார்.

இப்போது என் பேத்தி செவிலியர் கல்வி பயில விழைகிறாள். “இரவுப் பணி நம் பெண்களுக்கு ஆகுமா?” என்று தயங்குகிறான் என் மகன். ஹிஜ்ரி 5-ல் அகழ்ப்போரில் காயமுற்ற சஅது இப்னு முஆத் (ரலி) அவர்கள், பெருமானாரின் (ஸல்) பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில்தானே சிகிச்சை பெற்றார்கள்? இரவில் நான் வலியால் முனகியபோது ஓடிவந்தவளும் ஒருவர் வீட்டுப் பெண்தானே?

விண்ணப்பப் படிவம் மகனின் மேசைமீது இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையொப்பமிடுமாறு கூறியுள்ளேன்.