தூங்குமூஞ்சி மரமும் பதினைந்து செகண்ட் பாட்டும்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பக்திமான்களுக்கு ராமானுஜர். அரசியல் பேசுகிறவர்களுக்கு 1991 மே 21. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பையன்களுக்கு 'வாக்-இன் இன்டர்வியூ'. எனக்கு, ஒரு முறை ஒரகடம் வரை போய் வந்ததிலிருந்து, விளம்பரப் பாட்டு! சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் போகும் அந்த அகலச் சாலையில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். தேர்த்திருவிழா தோற்றது. நீலச் சட்டை, சாம்பல் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, வரிசையாகக் கம்பெனி பஸ்கள், ஒவ்வொரு பஸ்ஸுக்குள்ளும் ஒரு இளையராஜா. நடுநடுவே ஜப்பானிய எழுத்தில் ஹோட்டல் போர்டுகள். "உள்ளே என்னங்க கிடைக்கும்?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"மீனை வேகவைக்காமலே குடுக்கறாங்களாம் சார். கேஸ் விக்கிற விலைக்கு அவங்க பண்றதுதான் சரி!"

என்னோடு வந்த நண்பர் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர். ஜப்பானிய இன்ஜினீயருக்குக் கோபம் வந்தால் அதைத் தமிழில் பாதியாகக் குறைத்துச் சொல்வது அவர் உத்தியோகம். அவர் சொன்ன தகவல் இது: "அவங்க ராத்திரி ரெண்டு ரவுண்டு போனதும் சின்ன வயசுப் பாட்டு பாட ஆரம்பிப்பாங்க சார். பாதி சினிமாப் பாட்டு இல்ல, டி.வி. விளம்பரப் பாட்டு! நம்ம ஆளு நிர்மாவும் விக்கோவும் பாடற மாதிரி."

விசாரித்ததில் சுவாரஸ்யமான சங்கதிகள் கிடைத்தன. ஜப்பானில் தனியார் ரேடியோ வந்தது 1951-ல். அதே வருடம் டோரிரோ மிக்கி என்ற இசையமைப்பாளர் ஒரு ஃபிலிம் ரோல் கம்பெனிக்காகப் பாட்டு போட்டார். ஜப்பானின் முதல் விளம்பரப் பாட்டு அதுதான் என்கிறார்கள். ஒரு கற்றுக்குட்டி போட்டோகிராபரின் கதை. எடுக்கிற படமெல்லாம் கலங்கித் தொலைக்கும். பாட்டில் கம்பெனி பெயரும் கிடையாது, சரக்கின் பெயரும் கிடையாது! நம் ஊர் சோப்புக் கம்பெனி முதலாளியிடம் இப்படி ஒரு பாட்டைக் கொண்டுபோனால் என்ன ஆகும்? முப்பது செகண்டில் சோப்பின் பெயர் ஏழு தடவை வரவில்லை என்றால் இசையமைப்பாளருக்கு பஸ் சார்ஜ்கூட மிஞ்சாது. ஜப்பானில் பெரும்பாலான டி.வி. விளம்பரம் பதினைந்தே செகண்ட். அதற்குள்ளேயும் இவ்வளவு அடக்கம்.

இன்னொரு பாட்டு ஹிடாச்சி கம்பெனியுடையது. 1973-ல் ஆரம்பித்தது. எழுதியவர் அகிரா இட்டோ, இசை ஆஸெய் கோபயாஷி. இரண்டு பேருமே 2021-ல் காலமானார்கள். டி.வி.யில் தெரிவது மிஷின் அல்ல, ஆள் அல்ல, குடை விரித்த மாதிரி ஒரு பிரம்மாண்ட மரம். பாட்டு முழுக்க அந்தப் பெயர் தெரியாத மரத்தைப் பற்றிய ஆச்சரியம். மரம் நிற்பது ஹவாயில், மோவானலுவா தோட்டத்தில். அந்த மரத்தின் படத்தைப் பயன்படுத்த ஹிடாச்சி வருடத்துக்குச் சுமார் 4 லட்சம் டாலர் கொடுத்து வந்திருக்கிறதாம்.

என்ன அபூர்வ மரமோ என்று விசாரித்தால், நம்ம தூங்குமூஞ்சி மரம்! சாயங்காலமானால் இலையை மடித்துக்கொண்டு தூங்குமே, அதே ஜாதிதான். நம் ஊரில் டூரிங் டாக்கீஸ் நோட்டீஸ் ஒட்டி, ஆணி அடித்து, நிழலில் பஞ்சர் கடையும் வைத்த மரம், அங்கே ஒரு பாட்டில் ஏறிக் கோடீஸ்வரன் ஆகிவிட்டது. மூன்று ஷிஃப்ட் ஓடும் இந்த வட்டாரத்தில் நைட் டியூட்டி பார்க்காத ஒரே ஜீவன் அதுதான்.

மரத்தை விளம்பரத்தில் ஏற்றுவது அவர்களுக்குப் பழக்கம் போலிருக்கிறது. 1972-ல் நிஸான் கம்பெனி ஸ்கைலைன் காருக்கு கென், மேரி என்று ஒரு காதல் ஜோடியை விட்டது. 'பஸ்' என்ற இரட்டையர் பாடிய பாட்டும் ஹிட், காரும் ஹிட். காருக்கே 'கென்மேரி' என்று செல்லப்பெயர் வந்தது. அதில் தலைகாட்டிய ஒரு பாப்ளர் மரத்தை ஹொக்கைடோவில் பியேய் என்ற ஊரில் இன்றும் 'கென்-மேரி மரம்' என்று ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

அதே நிஸான், ரெனோவோடு சேர்ந்து 2010-ல் ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்து மைக்ரா காரை வெளியே விட்டது. 2025-ல் தன் 51 சதவீதப் பங்கையும் ரெனோவுக்கே விற்பதாக அறிவித்துவிட்டது. கார் வரும், போகும், கூட்டாளி மாறுவார். பாப்ளர் மரம் மட்டும் ஐம்பது வருடமாக அதே வேலையில் இருக்கிறது. பர்மனென்ட் போஸ்டிங்!

வல்லம் வடகாலில் யமஹா. 2015-லிருந்து பைக் செய்கிறது. அந்த மூன்று கவைச் சின்னம் என்ன என்று எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? சுருதி பார்க்கும் இசைக்கவை. 1887-ல் டொரகுசு யமஹா என்பவர் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்மோனியத்தை ரிப்பேர் பார்த்ததில் ஆரம்பித்த கம்பெனி; பைக் வந்தது 1955-ல்தான். இப்போது அதன் இசைக்கருவித் தொழிற்சாலையும் இந்த வட்டாரத்திலேயே 2019-லிருந்து இயங்குகிறது. கீபோர்டும் கிடாரும் செய்கிறார்கள். அதாவது, நாளைக்கு ஏதோ ஒரு விளம்பரப் பாட்டு பிறக்கப்போகும் பெட்டி, ஒரகடம் பக்கத்துப் பையன் கையால் ஸ்க்ரூ முடுக்கப்பட்டதாக இருக்கலாம். நம்ம ஏ.ஆர். ரஹ்மானும் 1987-ல் ஆல்வின் வாட்சுக்கு விளம்பர இசை போட்டுத்தானே கிளம்பினார்? 'ரோஜா' வர அப்புறம் ஐந்து வருஷம்.

கொரியாக்காரர்களும் சும்மா இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் செய்யும் பொருட்களில் வாஷிங் மெஷினும் ஒன்று. சாம்சங் மெஷின் துவைத்து முடித்ததும் டொய்ங் டொய்ங் என்று ஒரு மெட்டு வருமே, அது 1817-ல் ஷூபர்ட் ஒரு மீனைப் பற்றிப் போட்ட பாட்டு. துணி காயப்போட ஆஸ்திரியாவிலிருந்து ஆள் கூப்பிடுகிறார்!

ஆனால் இந்த ரோட்டில் எனக்கு மறக்காத மெட்டு நோக்கியாவுடையது. ஸ்பெயின்காரர் ஃபிரான்சிஸ்கோ தாரேகா 1902-ல் கிடாருக்காக எழுதிய ஒரு வால்ட்ஸ் இசையில் சின்னத் துண்டு. 1992-ல் முதலில் விளம்பரத்தில் வந்தது, 1994-ல் மணியோசை ஆனது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் தொடங்கியது. உச்சத்தில் நேரடியாகவே சுமார் 8,000 பேர், நிறைய பேர் கிராமத்துப் பெண்கள். வரி வழக்கு, கம்பெனி கைமாற்றம் என்று சிக்கலாகி 2014 நவம்பர் 1-ல் நின்றுபோனது. பிறகு அதே இடத்துக்கு ஸால்காம்ப் வந்து சார்ஜர் செய்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் யாரோ ஒரு பெரியவரின் பழைய போனில் அந்த மெட்டு ஒலித்தது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் சட்டென்று திரும்பினார். "அங்கதாங்க வேலை பாத்தேன், ஆறு வருஷம்" என்றார், யாரும் கேட்காமலே. "ஒரு நாளைக்கு எத்தன தடவ கேட்டிருப்போம். அப்பல்லாம் எரிச்சலா இருக்கும்."

"இப்ப?"

கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்தார்.

"இப்ப கேட்டா, ஷிஃப்டுக்கு லேட்டாயிடுச்சோன்னு பதறுதுங்க."